17 ஆண்டுச் சில்வண்டுகள்: பார்க்கவும் குரலைப் பதிவு செய்யவும் ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் 13 அல்லது 17 ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைத் துளைத்துக்கொண்டு கிளம்பும் சில்வண்டுகளை வீடியோ எடுக்காதவர்கள் அந்தப் பக்கம் குறைவு. மே மாதம் பிறந்தால் போதும், அங்கே இருக்கும் சொந்தக்காரர்களிடமிருந்து வாட்ஸ்அப்பில் அரை நிமிட இரைச்சல் ஒவ்வொன்றாக வந்து விழும். கேட்டால் எல்லாம் ஒரே 'ங்ஙொய்ய்'. அதில் எத்தனை இனம் பாடுகிறது, எது அழைப்பு, எது போட்டி, எது பெண்ணின் பதில் என்று ஒன்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. இவ்வளவுக்கும் அந்தப் பூச்சிகள் அவ்வளவு தெளிவாகப் பேசிக்கொள்கின்றன, நாம் எடுக்கிற விதம்தான் சரியில்லை.

கூட்டமாகப் பாடுவதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே ஒரு ஆண் பூச்சியின் குரலைத் தனியாகப் பிடித்து, பக்கத்திலேயே மணி, இடம், வெப்பநிலை, அது என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் எழுதி வைத்தால்தான் அது பிறருக்குப் பயன்படும் பதிவு. கீழே இருப்பதெல்லாம் அந்த ஒரு வேலையைச் செய்து முடிப்பதற்காகத்தான்.

படி 1: எந்தக் குழு, எந்த ஆண்டு, எந்த ஊர்

இவை எல்லாம் மேஜிசிகாடா என்ற ஒரே பேரினம். வருடா வருடம் ஆகஸ்டில் கத்தும் பச்சை நிறச் சில்வண்டு வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மேஜிசிகாடாவுக்குக் கருப்பு உடல், சிவப்புக் கண், இறக்கையில் ஆரஞ்சு நரம்பு, வருவதும் கோடைக்கு முன்பே.

ஒரே ஆண்டில் வெளிவரும் கூட்டங்களைக் குழுக்களாக எண்ணிட்டு வைத்தவர் சார்லஸ் மார்லட். 1898-ல் அவர் போட்ட எண்கள்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 1 முதல் 17 வரை 17 ஆண்டுக் குழுக்கள், 18 முதல் 30 வரை 13 ஆண்டுக் குழுக்கள் என்று இடம் ஒதுக்கினார், ஆனால் அத்தனை எண்ணுக்கும் பூச்சி இல்லை. இப்போது உயிரோடு இருப்பவை 12 பதினேழாண்டுக் குழுக்களும் 3 பதின்மூன்றாண்டுக் குழுக்களும்தான். கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருந்த 11-ஆம் குழு 1954-க்குப் பிறகு வரவே இல்லை.

2021-ல் வாஷிங்டன், மேரிலாந்து, ஓஹையோ, இண்டியானா பக்கம் வந்தது 10-ஆம் குழு, அது மறுபடி 2038-ல்தான். 2024-ல் 13-ஆம் குழுவும் 19-ஆம் குழுவும் ஒன்றாக வந்தன. 13-ஐயும் 17-ஐயும் பெருக்கினால் 221, ஆகவே இந்த இரண்டும் இதற்கு முன் சேர்ந்து வந்தது 1803-ல், அடுத்து 2245-ல். 2025-ல் கென்டகி, டென்னசி, பென்சில்வேனியா, கேப் காட் பகுதிகளில் 14-ஆம் குழு. இனி வரப்போகிறவை: 2027-ல் 22-ஆம் குழு (லூசியானா, மிசிசிப்பி), 2028-ல் 23-ஆம் குழு (மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதி மாநிலங்கள், இல்லினாயின் தெற்கு வரை), 2029-ல் 1-ஆம் குழு (வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மலைப்பக்கம்), 2030-ல் 2-ஆம் குழு. நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கின் ஹட்சன் பள்ளத்தாக்கிலும் இருக்கும் தமிழர்கள் காலண்டரில் வட்டம் போட்டு வைக்க வேண்டியது இந்த 2030-ஐத்தான்.

கணக்குத் தவறி வருபவையும் உண்டு. 17 ஆண்டுப் பூச்சிகளில் ஒரு பகுதி நான்கு ஆண்டு முந்தியே வந்துவிடும். 2017-ல் வாஷிங்டன் வட்டாரத்தில் 10-ஆம் குழு அப்படித்தான் கணிசமாகத் தலைகாட்டியது. இந்த முந்திரிக்கொட்டைகளை ஒதுக்காதீர்கள். பறவைகள் பெரும்பாலானவற்றைத் தின்று தீர்த்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் கூட்டம் குறைவாக இருப்பதால் தனிக்குரல் பிடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

ஊர் தெரிந்தால் மட்டும் போதாது, தெரு வரைக்கும் பார்க்க வேண்டும். 17 ஆண்டாக மண் தோண்டப்படாமல், மரம் வெட்டப்படாமல் இருக்கும் இடத்தில்தான் இவை இருக்கும். வயலை மட்டமாக்கிக் கட்டிய புதுக் குடியிருப்பில் ஒன்றுகூட வராது, இரண்டு தெரு தள்ளிப் பழைய ஓக் மரங்கள் நிற்கும் கல்லறைத் தோட்டத்தில் தரை தெரியாமல் கிடக்கும். பழைய பூங்கா, பழைய வளாகம், காட்டு ஓரம், ஆற்றோரத் தோப்பு, இவற்றை முதலில் பாருங்கள்.

இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு ஒரு தகவல். மேகாலயத்தின் ரி போய் மாவட்டத்தில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஒரு சில்வண்டு உண்டு. கிரெமிஸ்டிகா ரிபோய் என்று 2013-ல் அறிவியல் பெயர் வைத்தார்கள், உள்ளூரில் நியாங்தாசெர். உலகக்கோப்பைக் கால்பந்து நடக்கும் ஆண்டுகளில்தான் வரும். கீழே சொல்லும் இனக்குறிப்புகள் அதற்குப் பொருந்தாது, பதிவு முறை அப்படியே பொருந்தும்.

படி 2: மூன்று குரல்களையும் காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்

மொத்தம் ஏழு இனம். பயப்பட வேண்டாம், எல்லாம் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். வகைக்கு ஒரு 17 ஆண்டு இனம், அதற்கு ஈடாக ஒன்றோ இரண்டோ 13 ஆண்டு இனம்.

முதலாவது செப்டென்டெசிம். உருவில் பெரியது, வயிற்றின் அடிப்பக்கம் அகலமான ஆரஞ்சுப் பட்டைகள், கண்ணுக்கும் இறக்கை அடிக்கும் நடுவிலும் ஒரு ஆரஞ்சுத் திட்டு. குரல் 'வீஈஈஈ' என்று சில விநாடிகள் ஒரே சுருதியில் நீண்டு, கடைசியில் 'ஊ' என்று சட்டெனக் கீழே சரியும். சரிகிற அந்த வால் மிகவும் முக்கியம், பிறகு அதற்கு வருகிறேன். சுருதி 1.1 முதல் 1.5 கிலோஹெர்ட்ஸ் வரை, பூச்சிக்கு இது ரொம்பத் தாழ்ந்த குரல். தூரத்தில் காடே முனகுவதாகத் தோன்றினால் அது இதுதான்.

இரண்டாவது காசினி. சிறியது, வயிறு முழுக்கக் கருப்பு. 'டிக் டிக் டிக் டிக்' என்று விரைவாகத் தட்டிவிட்டு, பிறகு 'ட்ஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு கூர்மையான சீறல். 3 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பரந்து கிடக்கும் ஒலி. அடர்த்தியான இடத்தில் ஒரு மரத்தில் இருக்கும் ஆண்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தட்டி, ஒரே நேரத்தில் சீறி, இடைவெளியில் ஒரே நேரத்தில் இடம் மாறிப் பறக்கும். காதுக்குச் சிரமம் தருவது முக்கியமாக இந்தக் காசினிதான்.

மூன்றாவது செப்டென்டெக்யூலா. இதுவும் சிறியது, வயிற்றில் மெல்லிய ஆரஞ்சுக் கோடுகள் மட்டும். பழைய தையல் மிஷின் விட்டு விட்டு ஓடுகிற தாளம். எண்ணிக்கையில் பெரும்பாலும் குறைவு, மற்ற இரண்டும் அமர்க்களப்படுத்தும்போது இதன் குரல் காதில் விழவே விழாது. ஆகவே இதை எடுத்தவர்களைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

13 ஆண்டுக் குழுவாக இருந்தால் செப்டென்டெசிமின் இடத்தில் ட்ரெடெசிம், நியோட்ரெடெசிம் என்று இரண்டு இருக்கும். இரண்டாவதை 2000-ல்தான் தனி இனமாக அறிவித்தார்கள், காட்டிக்கொடுத்தது குரல்தான். ட்ரெடெசிம் 1.1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பாடும். இரண்டும் சேர்ந்து வாழும் எல்லையில் நியோட்ரெடெசிம் தன் சுருதியை 1.7 வரை ஏற்றிக்கொள்கிறது, எல்லையை விட்டுத் தள்ளிப் போனால் மறுபடி தாழ்கிறது. பெண் பூச்சி ஏமாந்துவிடக் கூடாதே. இப்படிப்பட்ட எல்லையில் (தென் இல்லினாய், மிசௌரி) நீங்கள் இருந்தால் ஒரே மரத்திலிருந்து இரண்டு சுருதி வருகிறதா என்று கூர்ந்து கேளுங்கள். ஆனால் நியோட்ரெடெசிமையும் 17 ஆண்டுச் செப்டென்டெசிமையும் காதாலோ கண்ணாலோ பிரிக்க முயல வேண்டாம், அதை ஆண்டும் இடமும்தான் தீர்மானிக்கும்.

படி 3: கருவிகள்

போன் போதுமா? போதும், இரண்டு விஷயத்தைச் சரிசெய்தால். ஒன்று, போனின் இரைச்சல் நீக்கும் வசதி. இடைவிடாத சீரான ஒலியை அது இரைச்சல் என்று முடிவுகட்டி அழித்துவிடும், செப்டென்டெசிம் கூட்டமோ இடைவிடாத சீரான ஒலியேதான். நேரில் காதைத் துளைத்தது வீடியோவில் மங்கலாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். வீடியோவாக எடுக்காமல், ஒலிக்கு மட்டுமான ரெக்கார்டர் செயலியில் எடுங்கள், தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை அணைக்க வழி இருந்தால் அணையுங்கள். இரண்டு, கோப்பு வகை. எம்பி3 வேண்டாம், வேவ் அல்லது தரம் குறையாத வேறு வகை. ஐபோனின் வாய்ஸ் மெமோஸில் ஆடியோ தரத்தை லாஸ்லெஸ் என்று மாற்றலாம்.

கொஞ்சம் செலவழிக்கத் தயார் என்றால் கையடக்க ரெக்கார்டர் ஒன்று, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மைக்குக்கு நுரை உறை கட்டாயம், காற்று அடிக்கிற நாளில் அதற்கு மேல் ரோமக் கவசமும். நேர் எதிரே வரும் ஒலியை மட்டும் எடுக்கும் ஷாட்கன் மைக் நல்ல தேர்வு. பறவை பதிவு செய்பவர்கள் வைத்திருக்கும் குழிவுத் தட்டு இங்கே எதிர்பார்த்த அளவு உதவாது: 1.1 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 30 செ.மீ., அந்த அலையைக் குவிக்கத் தட்டு அதைவிட நன்றாகப் பெரிதாக இருக்க வேண்டும். காசினிக்கு அதே தட்டு அருமையாக வேலை செய்யும். மரத்தில் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஆடியோமாத் என்ற சிறு கருவி இருக்கிறது. விடியலிலிருந்து இருட்டும் வரை மணிக்கு ஐந்து நிமிடம் என்று நேரம் வைத்துவிட்டால் ஒரு நாளின் ஏற்ற இறக்கம் முழுதும் கையில் வந்துவிடும்.

மற்றவை: நிழலில் பிடிக்க ஒரு தெர்மாமீட்டர், மண்ணில் குத்தும் தெர்மாமீட்டர் ஒன்று, சிவப்பு ஒளி உள்ள தலைவிளக்கு, 10 மடங்கு கைலென்ஸ், மெல்லிய வலைத்துணிப் பை, காகிதக் குறிப்பேடு. காதடைப்பான். இதைக் கடைசியில் சொன்னதால் சாதாரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காசினிக் கூட்டத்துக்கு அடியில் 90 முதல் 100 டெசிபல் வரை போகும். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 100 டெசிபலில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் பாதுகாப்பு. அதே நிறுவனம் ஒலியளவு பார்க்கும் செயலி ஒன்றை ஐபோனுக்கு இலவசமாகத் தருகிறது, போட்டு வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பேட்டுக்கும் ஓர் எண் கிடைக்கும்.

படி 4: வெளிவரும் இரவு

மண்ணில் 20 செ.மீ. ஆழத்தில் வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கிளம்பும். தெற்கே ஏப்ரல் கடைசியில், வடக்கே மே நடுவிலிருந்து ஜூன் தொடக்கத்துக்குள். அதற்குப் பல நாள் முன்பே மரத்தடியில் சுண்டுவிரல் பருமனில் ஓட்டைகள் தெரியும். ஈரமான இடமாக இருந்தால் ஓட்டைக்கு மேல் சேற்றால் சின்னக் கோபுரம்போல் எழுப்பி வைத்திருக்கும். தினம் மாலை ஒரே நேரத்தில் மண்ணில் தெர்மாமீட்டரைக் குத்தி எழுதி வாருங்கள். 18-ஐ நெருங்கி, வெதுவெதுப்பான மழையும் பெய்துவிட்டால் அன்று இரவு வேறு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள்.

சூரியன் மறைந்ததும் தொடங்கும். இளம்பூச்சி பழுப்பு நிறத்தில் ஊர்ந்து வந்து, மரம், வேலி, புல்தண்டு, உங்கள் கால்சட்டை என்று செங்குத்தாக எது கிடைத்தாலும் ஏறும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் எதிரே உட்கார்ந்துவிடுங்கள். நகங்களால் இறுகப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கும். பிறகு முதுகின் நடுவில் நீளவாக்கில் ஒரு கோடு வெடிக்கும், அந்தப் பிளவிலிருந்து பால் வெள்ளையாக முதுகு பிதுங்கும், தலை வெளியே வரும், சிவப்புக் கண்ணும் அதன் பின்னால் இரண்டு கருந்திட்டும் தெரியும். உடம்பு முக்கால்வாசி வெளியே வந்ததும் தலைகீழாகப் பின்னுக்குச் சாய்ந்து தொங்கும், வயிற்று நுனி மட்டும் பழைய தோலுக்குள் மாட்டியிருக்கும். கால்கள் கொஞ்சம் இறுகட்டும் என்று காத்திருந்துவிட்டு ஒரே எழும்பலில் எழுந்து பழைய தோலைப் பற்றிக்கொள்ளும், வயிற்று நுனியையும் உருவிக்கொள்ளும். அதுவரை கசங்கிய துணியாக இருந்த இறக்கை அப்புறம்தான் நீளும். இந்தக் கட்டத்தில் தொட்டால் இறக்கை கோணிப்போய் அது பறக்கவே பறக்காது, ஆகவே கையைக் கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை விளக்கைத் தேவையானபோது மட்டும் போடுங்கள். விடியும்போது உடம்பு கருத்திருக்கும்.

இதில் எழுத வேண்டியது: ஏறத் தொடங்கிய மணி, முதுகு பிளந்த மணி, முழுதாக வெளிவந்த மணி, இறக்கை விரிந்த மணி, நின்ற உயரம், எதன்மேல் ஏறியது. ஒலிப்பதிவைப் பொறுத்தவரை அன்றைக்கு வேலை இல்லை, அவை வாய் திறக்காது. உடல் நன்றாக இறுகி ஆண்கள் பாடத் தொடங்க நான்கைந்து நாள் ஆகும்.

படி 5: தனிக்குரலைப் பிடிப்பது

பாடுவது ஆண் மட்டும். வயிற்று நுனி மழுங்கலாக இருந்தால் ஆண், கூர்மையாகி அடியில் முட்டையிடும் ஊசி மடங்கியிருக்கும் பள்ளம் தெரிந்தால் பெண். ஆணின் இறக்கையை மெதுவாகத் தூக்கினால் வயிறு தொடங்கும் இடத்தில் இருபுறமும் வரிவரியாக ஒரு சவ்வு தெரியும், அதுதான் டிம்பல். உள்ளிருக்கும் தசை இழுக்க, வரிகள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிரும், உள்ளே காலியான வயிறு அந்த ஒலியைப் பெருக்கும். கையில் பிடித்ததும் ஆண் கரகரவென்று கத்தும். அது மிரட்சிக் குரல், அழைப்பு இல்லை. அதையும் ஒரு நிமிடம் பதிவு செய்து 'கையில் பிடித்தபோது' என்று தெளிவாகக் குறித்து வையுங்கள், இல்லையென்றால் பிறகு கேட்பவர் குழம்பிப்போவார்.

தனிக்குரல் கிடைக்க நேரமும் இடமும்தான் முக்கியம், கருவி அப்புறம். பருவத்தில் முதல் ஓரிரு பாட்டு நாட்கள் மிகச் சிறந்தவை, மரத்துக்கு ஒன்றிரண்டு பாடகர்கள்தான் இருப்பார்கள். அந்த நாட்கள் தவறிப்போனால், காலையில் வெயில் மரத்தைத் தொட்டு முதல் சில ஆண்கள் குரல் கொடுக்கும் நேரம் சரி. மூன்றாவது வழி, கூட்டத்தின் நடுவை விட்டு ஓரத்துக்குப் போவது. செப்டென்டெசிமுக்குக் காலை நேரம், காசினிக்குப் பிற்பகல் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற்றம் இருக்காது. மழையிலும் குளிரிலும் இரவிலும் கூட்டம் அடங்கிவிடும்.

தலைக்கு மேல் கிளையில் பாடுவதைத் துரத்த வேண்டாம். முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில், வெயில் படும் புதரில் உட்கார்ந்து பாடும் ஆண் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மைக்கைத் திருப்ப வேண்டும். பாடும்போது வயிறு ஏறி இறங்குவதைப் பார்க்கலாம், எந்தப் பூச்சியிலிருந்து வருகிறது என்று உறுதிசெய்ய அதுவே வழி. உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி மெதுவாக, கீழிருந்து மைக்கைக் கொண்டுபோய் 20, 30 செ.மீ. தள்ளி நிறுத்துங்கள். இவ்வளவு அருகில் வைத்தால் பின்னணிக் கூட்டம் தானாகவே அடங்கித் தெரியும். ஒலியளவைக் கையால் வைத்துக்கொள்ளுங்கள், உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் நிம்மதி. ஒலி அளவு மீறியதைக் காட்டும் ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு ஒருமுறை எரிந்தாலும் அந்தத் துண்டு ஆய்வுக்கு ஆகாது. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வடிகட்டி இருந்தால் போட்டுவிடலாம், லாரிச் சத்தமும் காற்றும் போகும், பூச்சி அங்கே இல்லவே இல்லை.

செப்டென்டெசிம் ஆண் ஒன்றோ இரண்டோ மூன்றோ முறை அழைத்துவிட்டு, நடந்தோ பறந்தோ இடம் மாறி மறுபடி அழைக்கும். ஆகவே ஒரு பூச்சியிடம் நிறைய நேரம் கிடைக்காது. அது போய்விட்டால் பதிவை நிறுத்தாமல் பத்து விநாடி ஓடவிட்டு, பிறகு உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள்: தேதி, மணி, இடம், நிழல் வெப்பநிலை, மைக் தூரம், இனம் எதனால் என்று நினைக்கிறீர்கள், வெயிலா நிழலா, போட்டோ எடுத்தீர்களா. காகிதத்தை அப்புறம் நிரப்பலாம், காகிதம் தொலைந்தாலும் இந்தக் குரல் கோப்பிலேயே இருக்கும். வெப்பநிலையை விட்டுவிட வேண்டாம். பூச்சி சூடேறினால் தட்டும் வேகமும் ஏறும், வெப்பநிலை இல்லாத பதிவை இன்னொன்றோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

கூட்டத்தின் ஒலியும் வேண்டும்தான். அதற்கு ஒரே இடம், ஒரே உயரம், மைக் ஒரே திசை, தினம் அதே நேரங்களில் இரண்டு நிமிடம், ஒலியளவு அமைப்பை மாற்றவே கூடாது. பருவம் முழுக்க இப்படி எடுத்தால் ஏறி உச்சம் தொட்டு இறங்குவது அப்படியே தெரியும்.

புல்வெட்டும் இயந்திரமோ இலை ஊதியோ ஓடினால் சில்வண்டுகள் அதை நோக்கிப் பறந்துவரும், இயந்திரத்தின் உறுமலும் கூட்டத்தின் உறுமலும் அவற்றுக்கு ஒன்றுபோல் இருக்கிறது. பதிவைக் கெடுத்துவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரர் மேல் எரிச்சல்படாமல், அவர்மேல் எத்தனை வந்து உட்காருகின்றன என்று எண்ணுங்கள்.

படி 6: பெண்ணின் பதிலைக் கேட்பது

எனக்கு மொத்த விஷயத்திலும் பிடித்த பகுதி இது. பெண் பாடாது, ஆனால் ஊமை இல்லை. ஆணின் அழைப்பு பிடித்திருந்தால் இறக்கையை ஒருமுறை சொடுக்கும். லேசான 'டிக்'. அதன் உயிரே நேரத்தில்தான்: 'வீஈஈ-ஊ' என்று வால் கீழே சரிந்து முடிந்த பிறகு, அரை விநாடிக்கும் குறைவான இடைவெளியில் சொடுக்க வேண்டும். அந்த இடைவெளி தவறினால் ஆணுக்கு அது வெறும் கிளை ஒடிந்த சத்தம். சரியாக விழுந்தால், இடம் மாறிப் பறக்கவிருந்த ஆண் அங்கேயே நின்றுவிடும், சத்தம் வந்த பக்கம் திரும்பி நடக்கும். இதை முறையாக ஆராய்ந்து எழுதியவர்கள் ஜான் கூலியும் டேவிட் மார்ஷலும், 2001-ல்.

நீங்களே பெண்ணாக நடிக்கலாம். தாழ்ந்த கிளையில் பாடும் செப்டென்டெசிம் ஆண் அருகே நின்று, வால் சரிந்து முடிந்த உடனே மிக மெதுவாக விரலைச் சொடுக்குங்கள். பலமாகச் சொடுக்கினால் வேலைக்காகாது. மின்விளக்கின் சுவிட்ச் ஒன்றைக் கையில் வைத்துத் தட்டுபவர்களும் உண்டு, ஒலி இன்னும் பொருத்தமாக இருக்கும். இரண்டு மூன்று அழைப்புக்குப் பதில் கிடைத்ததும் ஆண் உங்கள் விரலை நோக்கி நடந்துவரும். குரலும் மாறும்: முதலில் இடைவெளி விட்டு அழைத்தது, இப்போது ஒன்றன் வாலில் இன்னொன்றாக இடைவிடாமல் அழைக்கும். நெருங்கிவந்து முன்னங்காலால் தொட்டதும் மூன்றாவது குரல், துண்டு துண்டாக வெட்டிய சிறு ஒலிகள். மூன்றையும் ஒரே பூச்சியிடம், ஒரே ஓட்டத்தில் பதிவு செய்துவிட்டால் அது பொக்கிஷம். மைக்கைச் சொடுக்கும் கைக்கு அருகில் வைக்காதீர்கள், உங்கள் சொடுக்கு பூச்சியை மூழ்கடித்துவிடும்.

இன்னொரு கூத்தும் இருக்கிறது. ஒரு ஆண் அழைக்கும்போது பக்கத்தில் போட்டிக்காரன் இருந்தால், வால் சரிகிற அந்தத் தருணத்தில் சரியாக ஒரு குட்டி 'ப்ஸ்' போடும். வால் மறைந்துபோகும், பெண்ணுக்கு எப்போது பதில் சொல்வது என்று தெரியாது, பதில் வராது. காதுக்கு இது தட்டுப்படுவது கடினம், கணினியில் படமாகப் பார்க்கும்போது வாலின் மேல் ஒரு கறையாகத் தெரியும். இரண்டு ஆண்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கும் கிளை கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள்.

படி 7: இறக்கை சொடுக்குவதெல்லாம் பெண் இல்லை

மாசோஸ்போரா என்ற பூஞ்சை இந்தப் பூச்சிகளைப் பிடிக்கும். வயிற்றின் பின்பகுதி உதிர்ந்து, அங்கே சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக அடைத்திருக்கும். அந்த நிலையிலும் பூச்சி நடக்கும், பறக்கும், இணைசேரவும் முயலும். பூஞ்சையின் முதல் கட்டத்தில் இருக்கும் ஆண், பெண் மாதிரியே இறக்கையைச் சொடுக்கிப் பதில் சொல்கிறது, அதை நம்பி வந்த மற்ற ஆண்களுக்கும் நோய் ஒட்டிக்கொள்கிறது. பாதிக்கப்பட்ட பூச்சிகளில் ஆம்ஃபெட்டமின் வகையைச் சேர்ந்த கேத்தினோன் என்ற பொருள் இருப்பதையும் 2019-ல் கண்டார்கள். ஆகவே சொடுக்கைப் பார்த்ததும் 'பெண்' என்று எழுதாமல் வயிற்று நுனியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

படி 8: குறிப்பேடு

பார்த்ததையெல்லாம் எழுதுவேன் என்று கிளம்பினால் இரண்டாம் நாளே சலித்துவிடும். ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்துக் கயிறு கட்டி, 10 நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணால் ஒரு சுற்று: எத்தனை சும்மா இருக்கின்றன, எத்தனை நடக்கின்றன, பாடுகின்றன, இணைந்திருக்கின்றன, முட்டையிடுகின்றன. ஐந்தே பத்திதான். இணைசேர்க்கை மணிக்கணக்கில் நீளும், எனவே ஒரே ஜோடியைப் புது ஜோடியாக எண்ணிவிடாமல் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பறவைகள், அணில்கள், நாய் தின்பதையும் ஓரத்தில் எழுதலாம். இல்லினாயில் அளந்த ஓர் இடத்தில் ஏக்கருக்கு 15 லட்சம் வரை கணக்கிட்டார்கள், தின்பவை எல்லாம் வயிறு நிறைந்து கைவிட்டுவிடும் அளவுக்கு எண்ணிக்கை இருப்பதே இந்தப் பூச்சியின் தற்காப்பு.

போட்டோ எடுத்தால் ஒரு பூச்சிக்கு இரண்டு: மேலிருந்து ஒன்று, வயிற்றின் அடிப்பக்கம் ஒன்று. அடிப்பக்கம் இல்லாத போட்டோவை வைத்து இனம் சொல்லச் சொல்லிக் கேட்பவர்கள் ஏராளம், யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

படி 9: கணினியில்

அன்றைய கோப்புகளை அன்றே இறக்கிப் பெயர் மாற்றிவிடுங்கள்: தேதி, இடம், இனம், வரிசை எண். மூலக் கோப்பைத் தொடவே கூடாது, நகலில் மட்டும் வேலை. ஆடாசிட்டி இலவசம், கார்னல் பல்கலைக்கழகத்தின் ரேவன் லைட்டும் இலவசம். ஏதாவது ஒன்றில் ஸ்பெக்ட்ரோகிராமை (ஒலியின் சுருதியை நேரவாரியாகக் காட்டும் படம்) திறந்தால், செப்டென்டெசிம் 1 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே மெல்லிய கோடாக ஓடிக் கடைசியில் கீழே வளைந்த கொக்கியாக முடியும். காசினி, செங்குத்துக் கீற்றுகள் வரிசையாகவும் அதன் பின் மேலே ஒரு அகலமான பட்டையாகவும் தெரியும். பின்னணியில் கிடைமட்டமாக ஓடும் மங்கிய பட்டைதான் தூரத்துக் கூட்டம். இரைச்சல் நீக்கும் வசதியைக் கணினியிலும் தொடாதீர்கள், படி 3-ல் சொன்ன அதே காரணம்.

படங்களை சிகாடா சஃபாரி செயலியில் போடலாம். சின்சினாட்டியில் மவுண்ட் செயின்ட் ஜோசப் பல்கலைக்கழகத்தின் ஜீன் கிரிட்ஸ்கி தொடங்கியது, எங்கெங்கே எது வந்தது என்ற வரைபடத்துக்கு உங்கள் படமும் சேரும். ஒலிக்கோப்பையும் ஏற்றுக்கொள்ளும் உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்ட்டில் குரலையும் போட்டோவையும் ஒரே பதிவாகச் சேர்க்கலாம்.

படி 10: சத்தம் நின்ற பிறகும் கொஞ்சம் வேலை

ஜூன் முடிவில் பெரும்பாலான இடங்களில் அடங்கிவிடும், பலர் இத்தோடு மூட்டை கட்டிவிடுவார்கள். பெண்கள் பென்சில் பருமன் உள்ள குச்சிகளைக் கீறி, ஒரு கீறலில் 20 முட்டை அளவில், மொத்தம் 500, 600 வரை வைத்திருக்கும். சில வாரங்களில் கிளை நுனிகள் பழுத்துத் தொங்கத் தொடங்கும். எந்த மரத்தில் எவ்வளவு என்று எழுதுங்கள், பெரிய மரத்துக்கு இதனால் பாதகம் இல்லை, நட்டு ஓரிரு ஆண்டே ஆன கன்றுதான் அடிவாங்கும். முட்டை பொரிக்க ஆறிலிருந்து பத்து வாரம். நீங்கள் கயிறு கட்டிய கிளையில் முதல் கீறலைப் பார்த்த தேதி குறிப்பேட்டில் இருந்தால் அதிலிருந்து ஆறு வாரம் எண்ணி, அந்தக் கிளைக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து வைத்துக் காலை மாலை பாருங்கள். எறும்பைவிடச் சிறிய வெளிர் நிற இளம்பூச்சிகள் விழுந்து ஓட ஆரம்பித்த தேதியை, அதே பக்கத்தில், அதே கிளையின் பெயருக்கு நேராக எழுதுங்கள்.

அடுத்த ஆண்டு மே மாதத்துக்கு ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள். ஓராண்டு தாமதமாக வரும் சில்வண்டுகள் அதே தோப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், கூட்டம் கெடுத்த பதிவுகளுக்கு ஈடுகட்ட அதுதான் சந்தர்ப்பம்.